நடுவில் தொடங்கும் பாட்டு

அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்தது லாண்டரியில் யாரோ ஒரு புண்ணியவான். பேரில் குற்றம் சொல்ல முடியாது. இமை இரண்டும் எந்நேரமும் பாதிக்குமேல் ஏறாது. கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டான். எங்கேயோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தவன் சத்தம் கேட்டுத் திரும்பி நடந்து வருகிற மாதிரி, கொஞ்சம் தாமதித்துத்தான் தன் முகத்துக்கே வந்து சேர்வான். வீட்டிலும் அவனுக்கு அந்தப் பேர்தான். அவனுக்கு அதில் வருத்தம் கிடையாது. வருத்தப்படவும் கொஞ்சம் விழித்திருக்க வேண்டுமே.

ஆனால் வேலையில் அவன் ஒரு நாளும் தூங்கினதில்லை. அங்கே தூங்கினால் விரல் மிஞ்சாது. பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது அந்த லாண்டரி. மேலே கம்பளம், கண்ணாடி, காதோடு காதாகப் பேசும் மனிதர்கள். கீழே ஆவி. மேலே படுத்தெழுந்து போனவர்களின் விரிப்பும் உறையும் துண்டும் மூட்டை மூட்டையாக வந்து விழும். துவைத்துப் பிழிந்ததை ஒரு பெரிய இரும்பு உருளைக்குக் கொடுக்க வேண்டும். உருளைக்குள் கொதிக்கிற ஆவி ஓடும். இந்தப் பக்கம் ஈரமாகப் போகிற துணி அந்தப் பக்கம் காகிதமாக வரும். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அங்கே வேலை செய்கிறவர்கள் கையாலும் புருவத்தாலும்தான் பேசிக்கொள்வார்கள். வெள்ளை வெள்ளையாகத் துணி போய்க்கொண்டே இருக்கும். பார்த்தபடி நின்றால் துணி நிற்கிறது, நாம்தான் எங்கேயோ நகர்ந்து போகிறோம் என்று தோன்றும். அந்தச் சமயத்தில் காதில் ஒரு பாட்டும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அவன் காதில் எப்போதும் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தபோது, ரேடியோவின் வாய்க்கு எதிரே டேப்ரிகார்டரை வைத்துப் பாட்டுப் பிடிப்பான். பிடித்ததை மறுநாள் இடுப்பில் செருகிய சின்னக் கேசட் கருவியில் போட்டு உருளைக்கு முன்னால் கேட்பான். பாடினவர் யார், எழுதினவர் யார் என்பதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. விருந்தாளி வந்தால் சாப்பாடு போடுவதை விட்டுவிட்டுக் குலம் கோத்திரமா விசாரிப்பார்கள்?

தலையணை உறைகளைக் கொடுக்கிற பக்கத்தில் இரண்டு பேர் தோளோடு தோள் நின்றாக வேண்டும். அங்கே அவன் பக்கத்தில் ஒருத்தி வந்து நின்றாள். குள்ளம். கை வேகம். கை வேகத்துக்குமேல் கோபம். மற்றவர்கள் உறையைச் சுருக்கத்தோடு கொடுத்தால் முழங்கையால் இடிப்பாள். அவளிடம் இடி வாங்காத ஒரே ஆள் இவன்தான். ஒரு நாள் இவன் தன் இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் புருவத்தைத் தூக்கினாள். பிறகு வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். வயர் குட்டை. அவன் ஓர் அடி நகர்ந்தால் அவள் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். அவள் குனிந்தால் இவனும் குனிய வேண்டும். இப்படியே குனிந்தும் நிமிர்ந்தும் இரண்டு பேரும் ஒரே ஆளாக உறை கொடுத்தார்கள்.

அந்த நாட்களில்தான் அந்தப் பாட்டு வந்தது. காலையில் முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றான். ரேடியோவில் ஒரு பெண்குரல் எழுந்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து பட்டனை அழுத்துவதற்குள் பாட்டு பாதி தூரம் போய்விட்டது. ஒரு சொல்லின் வாலிலிருந்துதான் பிடிபட்டது. பாடினவர் பேரை அறிவிப்பாளர் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் நேரே வானிலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு உருளைக்கு முன்னால் அது ஓடியது. அந்தக் குரல் படியேறுகிற மாதிரி மேலே மேலே போகும். உச்சியில் போய், இறங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு வாங்கும். பாடுகிறவள் மறைக்கப் பார்த்தும் மறைக்க முடியாத ஒரு மூச்சு. அந்த மூச்சில் அவனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தான். ஆவிக்குள் அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள், சரியாக அந்த இடத்தில். இவள்தான் என்று அப்போதே அவனுக்குத் தீர்மானமாகிப்போயிற்று. மனுஷன் எடுத்த ஒரே அவசர முடிவு அதுதான்.

கல்யாணம் ஆனது. மகள் பிறந்தாள். பெண்டாட்டிக்கு மாற்றிக் கொடுத்த வேலை கிழிந்த விரிப்புகளைத் தைக்கிற அறையில். பிறகு தோள் வலி வந்து அதையும் விட்டுவிட்டு, வீட்டிலேயே அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுத்தாள். வீட்டில் ஒரு சட்டம். சத்தம் கூடாது. காலம் பூராவும் உருளை காதுக்குள் உருண்டதே போதும் என்பாள். அதனால் வீட்டிலும் அவன் காதில் வைத்துத்தான் பாட்டுக் கேட்டான். கேசட்டில் இருந்ததையெல்லாம் பொறுமையாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினான். ஏற்றின பாட்டுக்கெல்லாம் அவனே பேர் வைத்தான். ‘குழாய் உடைஞ்ச அன்னிக்கு’, ‘பாப்பாவுக்குக் காய்ச்சல்’, ‘மச்சான் கோவிச்சுட்டுப் போனது’. பாட்டுக்கும் பேருக்கும் சம்பந்தம் இருக்காது. அவனுக்கு இருந்தது.

கேசட்டுகள் பூசணம் பூத்து ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போயின. ஒரு தடவை கம்ப்யூட்டரும் மண்டையைப் போட்டது. யாரோ ஓர் அவசரக்காரன் உள்ளே இருந்ததை வழித்தெடுத்துக் கையளவு ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடைத்துக் கொடுத்தான். பாட்டுகள் வந்தன. பேர்கள் வரவில்லை. எல்லாம் வெறும் எண்களாகக் கிடந்தன. அதிலும் சில, திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. ஆள் குடியிருக்காத வீட்டுக்குக் கதவு மட்டும் இருந்த மாதிரி.

முதலில் கஷ்டமாக இருந்தது. பிறகு அதுவும் பழகி, பிடித்தும் போயிற்று. எதைத் தொட்டால் எது வரும் என்று தெரியாது. எதிர்பார்க்காத நேரத்தில் எவனோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு பாட்டு வந்து நிற்கும். அந்த நடுவில் தொடங்கும் பாட்டும் ஒரே ஒரு மத்தியானம் அப்படி வந்தது. அரைத் தூக்கத்தில் கேட்டான். எந்த எண் என்று பார்க்கத் தோன்றவில்லை. கண்ணைத் திறந்தபோது வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஹார்ட் டிஸ்கைத்தான் அவன் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினான். ஓட்டலில் நைந்துபோன துண்டுகளை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றைக் கொண்டுவந்து, விருந்தாளிகளுக்கு மடிக்கிற அதே மடிப்பில், மூலை பிசகாமல் மடித்து, நடுவில் டிஸ்கை வைத்துப் பொதிந்து வைத்தான். வயர் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்.

ஒரு நாள் அது பேச ஆரம்பித்தது. டக். கொஞ்சம் பொறுத்து, டக் டக். பாட்டு நின்று நின்று வந்தது.

தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவள் ஒரு நடுவயதுப் பெண். வாயில் எப்போதும் ஒரு திருகாணியைக் கடித்துக்கொண்டே பேசுவாள். அவன் பொட்டலத்தை மேசையில் வைத்ததும் திருகாணியை வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

“இது என்னண்ணே?”

“துண்டு.”

“துண்டுன்னு தெரியுது. எதுக்கு?”

“தூசி படக் கூடாதுல்ல.”

“சரி. ஓடும்போது கழட்டிருவீங்கதானே?”

அவன் எங்கே கழற்றினான்? ஓடும்போது லேசாக ஒரு கிர்ர் சத்தம் வரும். வீட்டில் சத்தம் கூடாது. அதனால் ஓடும்போதுதான் இன்னும் ஒரு சுற்று இறுக்கிச் சுற்றுவான். அதைச் சொன்னான்.

அவள் துண்டைப் பிரித்தாள். டிஸ்கைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். “அண்ணே, இது ஓட ஓடச் சூடாகுற சாமான். இதுக்குப் போய்க் காய்ச்சல்காரனுக்குப் போத்துற மாதிரி போத்தி வெச்சிருக்கீங்க. இத்தனை வருஷம் இது உசிரோட இருந்ததே பெரிய விஷயம்.”

“பொழைக்குமா?”

“பொழைக்காது. போறதுக்குள்ள உள்ள இருக்கிறத வாங்கிக்கணும்.” கடையிலேயே மொத்தத்தையும் ஒரே மூச்சில் புது டிஸ்குக்கு மாற்றப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போய் நின்றது. மறுபடி பார்த்தாள். அதே இடத்தில் நின்றது. “நடுவுல எங்கயோ கெட்டுக் கெடக்கு. அங்க போனா படுத்துக்குது. வீட்டுக்குக் கொண்டுபோயி, கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. சூடானா ஆற விடுங்க. ஆறினதும் மறுபடி. கெட்டது வந்தா விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. முக்கியமா ஒண்ணு சொல்றேன். கேட்டுக்கிட்டு உக்காராதீங்க. எடுக்கிறது முதல்ல, கேக்கிறது அப்புறம். புரியுதா? அண்ணே? இங்க இருக்கீங்களா?”

அவன் முகத்துக்கு வந்து சேர்ந்து, தலையை ஆட்டினான்.

வேறு ஊரில் இருக்கிற மகளுக்கு அம்மா போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். மகள் அப்பாவைக் கூப்பிடச் சொன்னாள்.

“ஏம்ப்பா இதுக்குப் போயி அலையறீங்க? இப்ப எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கு. பேரைச் சொன்னாப் பாடும்.”

“பேரு தெரியாதேம்மா.”

“முதல் வரியச் சொல்லுங்க.”

“அதுவும் தெரியாது.”

“யாரு பாடினது?”

“தெரியாது.”

“அப்ப என்னதாம்ப்பா தெரியும்?”

“நடு தெரியும்.”

மறுமுனையில் மகள் சிரித்துவிட்டாள். பிறகு அவள், ராகத்தை முனகினால்கூடப் போன் கண்டுபிடித்துவிடும் என்று சொல்லி, எப்படி என்றும் சொன்னாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே முனகினான். போன் நெடுநேரம் யோசித்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கச் சொல்லித் தருகிற பாட்டு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெண்டாட்டி தைத்துக்கொண்டிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

“உங்க ராகம் அவ்வளவு சுத்தம்!”

“சிரி. அது நம்ம பாட்டு. போச்சுன்னா வேற எங்கயும் கிடையாது.”

லாண்டரியில் பாய்லரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவனுக்கு லீவு. ஜன்னலோரம் மேசையைப் போட்டு, மின்விசிறிக்கு நேராக டிஸ்கை வைத்து உட்கார்ந்தான். இந்தத் தடவை துண்டு இல்லாமல். அம்மணமாக இருக்கிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டான். ஒரு கைப்பிடி பாட்டுகளை மாற்றுவான். டிஸ்க் சூடாகும். ஆற விடுவான். ஆறுகிற நேரத்தில் சும்மா இருக்க முடியுமா? புது டிஸ்கில் வந்ததைக் காதில் வைத்துப் பார்ப்பான். எண் மட்டும் வந்து பாட்டு வராமல் போன பழைய கதை இருக்கிறதே. ஒவ்வொன்றையும் கேட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டால்தான் அவனுக்கு நிம்மதி.

ரிப்பேர்க்காரி எதைச் செய்யாதே என்றாளோ அதையே மனுஷன் செய்துகொண்டிருந்தான்.

ஆனால் அந்த மத்தியானங்கள் எப்படி இருந்தன! ஜன்னல் திரை உள்ளே வந்து வந்து போகும். தெருவில் எவனோ வண்டியைக் கிளப்பப் பார்த்துக் கிளப்பாமல் போவான். ஒரு பாட்டு வரும். உடனே அவன் பழைய ஒற்றை அறையில் இருப்பான். சுவரில் ஈரம் ஒரு ஒட்டகம் மாதிரிப் படிந்திருக்கும். இன்னொன்று வரும். மகள் காய்ச்சலோடு அவன் மார்பில் படுத்திருப்பாள், அவள் நெற்றியின் சூடு சட்டைக்குள் இறங்கும். இன்னொன்றில் பஸ்ஸின் கடைசி இருக்கை, ஜன்னல் கண்ணாடியில் தலை இடித்து இடித்து, ஊர்களின் விளக்குகள் தண்ணீருக்குள் போகிற மாதிரிப் போகும். இன்னொன்றில் மழை லாண்டரிக்குக் காற்று வர வைத்த இரும்பு வலைக்கு மேலே பெய்யும், கீழே இருப்பவர்களுக்கு மழை தெரியாது, மேலிருந்து சொட்டுகிறபோது மட்டும் தெரியும். பாட்டு முடிந்தால் அவன் மறுபடி மேசைக்கு வருவான். டிஸ்க் ஆறிக் குளிர்ந்தே போயிருக்கும். அடுத்த கைப்பிடியை எடுக்க வேண்டும் என்று நினைப்பான். நினைத்துக்கொண்டே இன்னொரு பாட்டைத் தொடுவான்.

டிஸ்க்கோ நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. முதலில் கூப்பிட்டதும் வந்தது. பிறகு வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் வந்தது.

பெண்டாட்டி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

“இந்தாங்க. நீங்க பாட்டக் காப்பாத்தறீங்களா, இல்ல பாடையில ஏத்தறீங்களா?”

“ஒவ்வொண்ணா பாத்துத்தானே எடுக்கணும்.”

“பாக்கறதா அது? வாயப் பொளந்துக்கிட்டுப் படகுல போற மாதிரி உக்காந்திருக்கீங்க. அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“நம்ம பாட்டு இன்னும் வரல. அது வந்துட்டாப் போதும்.”

“எது நம்ம பாட்டு நம்ம பாட்டுன்னு? எனக்குன்னு எந்தப் பாட்டு இருக்கு?”

“அதான், உருளைகிட்ட நின்னு கேட்டமே. நடுவுல ஆரம்பிக்குமே. அந்த மூச்சு வாங்குற எடத்துல நீ என்னப் பாத்துச் சிரிச்சியே.”

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வைத்த விதத்திலேயே ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தது.

“நான் எங்க கேட்டேன்?”

“இயர்போன்ல.”

“என் பக்கம் ஒண்ணுமே கேக்காதுங்க. நீங்க குடுத்து ரெண்டு மூணு நாள்லயே செத்துப்போச்சு.”

அவனுக்குப் புரிய வெகுநேரமானது. திரை உள்ளே வந்து, யோசித்துவிட்டு, வெளியே போனது.

“அப்ப சிரிச்சது?”

“நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். மூஞ்சிய உம்முன்னு வெச்சுக்கவா சொல்றீங்க?”

“அந்தக் கருவி இருந்த வரைக்கும் தினம் காதுல வெச்சிருந்தியே!”

“வெச்சிருந்தேன்.”

“சொல்லியிருந்தா வேற வாங்கிட்டு வந்திருப்பேனே.”

“வாங்கிட்டு வந்திருப்பீங்க. வயர் நீளமா இருக்கிறதா பாத்து” என்றாள். சொல்லிவிட்டு மெஷினை மறுபடி ஓட்டத் தொடங்கினாள். அந்த வயசிலும் அவள் காது நுனி சிவந்திருந்தது. அவன் அதைக் கவனித்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

அவன் எழுந்துபோய்ப் பின்பக்க வாசலில் நின்றான். கோபம் வரவில்லை. கோபம் அவனுக்கு எப்போதும் தாமதமாக வரும், பாதி வழியிலேயே மறந்துவிட்டுத் திரும்பியும் போய்விடும்.  இத்தனை காலமும் இரண்டு பேரும் ஒரே ஆற்றில் நின்றோம் என்றல்லவா நினைத்திருந்தான்? அவள் கரையிலேயே நின்றிருக்கிறாள். அவள் காதில் இருந்தது உருளையின் இரைச்சலும், அவன் தோளின் சூடும், அவ்வளவுதான். அதற்கே சிரித்திருக்கிறாள். பாட்டே கேட்காமல் ஒருத்தி நம்மோடு வந்துவிட்டாள், அவளுக்கு அந்தப் பாட்டைக் கொடுக்காமலேயே இருந்துவிட்டோமே என்று நினைத்தான். இதை நினைத்ததும் முதல்முறையாக அவனுக்கு அவசரம் வந்தது.

உள்ளே வந்தான். “அப்ப நீ அதக் கேட்டதே இல்ல.”

“எத்தன தடவ சொல்றது? இல்ல.”

“கேக்கணும்.”

“காது ரெண்டும் இங்கதான் இருக்கு. போடுங்க, கேக்கறேன்.”

அதற்கப்புறம் அவன் கனவு காணவில்லை. இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரைச் சன்னமாக வைத்துக்கொண்டான். எடுத்தான், ஆறவிட்டான், எடுத்தான். வந்த பாட்டைத் திறந்து முதல் நொடியை மட்டும் பார்ப்பான். எல்லாப் பாட்டும் ஏதோ ஒரு வாத்தியத்தோடு வாசலில் நின்று செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரும். அவன் தேடுவது ஒன்று மட்டும்தான் திறந்த வீட்டுக்குள் குரலோடு விழும். அதனால் திறந்ததும் வாத்தியம் கேட்டால் மூடிவிட்டு அடுத்தது. பழைய சிநேகிதர்களெல்லாம் வாசலில் வந்து நின்று வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்துவது அவனுக்குப் பாவமாக இருந்தது. சாத்தினான்.

கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிட்டன. அது வரவில்லை. பழைய டிஸ்கில் மிச்சம் இருந்தது ரிப்பேர்க்காரி சொன்ன அந்தக் கெட்டுப்போன இடம்தான். எடுக்கப் போனால் படுத்துக்கொள்கிற இடம். அங்கே இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டான். ஒன்று வந்தது. ஒன்று வரவில்லை. ஒன்று பாதியில் செத்தது. அடுத்ததை எடுக்கப் பயந்து, முதலில் திறந்து பார்த்தான்.

அறைக்குள் ஒரு சொல்லின் வால் விழுந்தது. பின்னாலேயே அந்தக் குரல்.

“ஏய், இதான்!” என்று கத்தினான். அவன் கத்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவள் ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள்.

உடனே நிறுத்திவிட்டுப் புது டிஸ்குக்குக் காப்பி எடுக்கப் பார்த்தான். பச்சைக் கோடு கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றது. டக் டக் டக். டிஸ்க் திரையிலிருந்தே மறைந்துவிட்டது. வயரைப் பிடுங்கினான். டிஸ்கைக் கையில் ஏந்தி மின்விசிறியடியில் பிடித்தான். அவள் சட்டைக் காலருக்கு வைக்கிற அட்டையால் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், இரண்டு பேர் ஒரு பெட்டிக்கு விசிறிக்கொண்டிருந்தால்.

போனில் ரிப்பேர்க்காரி நேராகவே சொன்னாள். “அண்ணே, அது இன்னொரு தடவ கண்ணத் தொறந்தாலே அதிசயம். மறுபடி காப்பி எடுக்கப் போகாதீங்க, அங்கயே முட்டிட்டு நிக்கும். பாட விடுங்க. பாடுறத இன்னொரு போன்ல பதிவு பண்ணிக்கங்க. எவ்வளவு வருதோ அவ்வளவு.”

“ரேடியோல புடிக்கிற மாதிரி.”

“அதே மாதிரிதான். ஆனா இந்தத் தடவ பட்டன முன்னாடியே அழுத்துங்க.”

அவன் ஸ்பீக்கரை மேசை விளிம்புக்கு இழுத்தான். அவளுடைய போனை அதன் வாய்க்கு எதிரே சாய்த்து வைத்தான். கதவைச் சாத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். விசிறியை நிறுத்த எழுந்தவளை அவன் தடுத்தான், டிஸ்குக்குக் காற்று வேண்டும். இத்தனை வருஷம் சத்தம் கூடாது என்று சட்டம் போட்டவள் ஸ்பீக்கரின் திருகைத் தானே முழுதாகத் திருப்பினாள். வயரைச் செருகினான். ஒன்றும் இல்லை. மறுபடி செருகினான். நீண்ட ஒரு கிர்ர். திரையில் அது வந்தது, கண்ணைத் திறந்து பார்க்கிற நோயாளி மாதிரி. போனில் பதிவுப் பட்டனை அழுத்தினான். பாட்டைத் தொட்டான்.

சொல்லின் வால். குரல். அது ஏறத் தொடங்கியது. அவன் பாட்டைக் கேட்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையில் நூல் கோத்த ஊசி அப்படியே நின்றது. குரல் ஒரு படி ஏறியது, இன்னொரு படி ஏறியது. அவள் கழுத்து கொஞ்சம் முன்னால் வந்தது. எப்போதும் எதையோ சண்டைக்கு இழுக்கத் தயாராக இருக்கிற அந்த உதடு தளர்ந்தது. ஆவி சூழ்ந்த அறையில் யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி அவள் நிமிர்ந்தாள். உச்சியில் அந்தப் பெண் மூச்சு வாங்கினாள், மறைக்கப் பார்த்தும் மறைக்க முடியாமல். கூடவே இவளும் ஒரு மூச்சு வாங்கினாள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஒருத்தன் அங்கே இருக்கிறான் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவனுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

குரல் இறங்கத் தொடங்கியது. ஒரு படி இறங்கியது. அடுத்த படியில் காலை வைத்தது. டக்.

அறை வெறிச்சென்று ஆனது. விசிறி மட்டும் சுற்றியது.

“அப்புறம்?” என்றாள்.

 வயரைப் பிடுங்கிச் செருகினான். ஆறவிட்டுச் செருகினான். மறுநாள் ரிப்பேர்க்காரி பிரித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அதற்குமேல் அது கண்ணைத் திறக்கவே இல்லை.

போனில் இருந்ததைப் போட்டுப் பார்த்தார்கள். இருந்தது. தலையும் இல்லாமல் காலும் இல்லாமல் நடு மட்டும். ஊடே விசிறியின் காற்று, வெளியே எங்கேயோ ஒரு நாயின் குரைப்பு, ஒரு நாற்காலி முனகுவது, உச்சியில் ஒரு மூச்சுக்குப் பதிலாக இரண்டு மூச்சு. இந்தத் தடவை அவன் யாரையும் நம்பவில்லை. அன்றைக்கே புது டிஸ்கில் ஒன்று வைத்தான். ரிப்பேர்க்காரியிடம் அவளுடைய கம்ப்யூட்டரில் ஒன்று வைக்கச் சொன்னான். மகளுக்கு ஒன்று அனுப்பினான்.

மகள் கேட்டுவிட்டுப் போன் போட்டாள். “அப்பா, சத்தமெல்லாம் கொஞ்சம் எடுத்துச் சுத்தம் பண்ணித் தரவா? கடைசியில அம்மா வேற ‘அப்புறம்’னு கேக்கறாங்க. அத வெட்டிடறேன்.”

“வெட்டாதம்மா.”

“வெட்டச் சொல்லுங்க!” என்று மெஷினுக்குப் பின்னாலிருந்து பெண்டாட்டி கத்தினாள். “அவ்வளவு நல்லாப் பாடிக்கிட்டு வரா, முடியற எடத்துல என் குரல் தகரத்த இழுத்த மாதிரி வருது.”

“அது பாட்டோடதான் வந்துச்சு. பாட்டோடயே இருக்கட்டும்” என்றான் அவன். அந்த வீட்டில் அவன் சொல்லி நடந்தது அது ஒன்றுதான்.

லீவு முடிந்து புதுப் பாய்லரோடு லாண்டரி திறந்துவிட்டது. இப்போது அவர்கள் வீட்டில் வேலை இல்லாத மத்தியானங்களில் பாட்டு வெளியே கேட்கிறது, ஸ்பீக்கரில், எல்லோருக்கும். அவள்தான் போடச் சொல்கிறாள், ஆனால் அவளிடம் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். நடுவில் தொடங்கும், ஏறும், மூச்சு வாங்கும், ஒரு படி இறங்கும், நிற்கும். அந்த நிசப்தத்தில், விசிறிக் காற்றுக்குள்ளிருந்து, “அப்புறம்?” என்று அவள் குரலே கேட்கும்.

“அப்புறம் என்ன?” என்பாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “போயி விளக்கப் போடுங்க. இருட்டிப்போச்சு.”